பாட்டில் காசு

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. நாடாளுமன்றத்தில் மேசை தட்டிய சத்தம் அடங்குவதற்குள் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் லட்டும் ஜாங்கிரியும் கைகூப்பும் படங்களும் வந்து குவிந்துவிட்டன. பன்னிரண்டு லட்சம் வரை வருமான வரி இல்லை! மாதச் சம்பளக்காரருக்கு 75,000 நிலைக்கழிவும் சேர்ந்து 12 லட்சத்து 75 ஆயிரம் வரை இல்லை! மூன்றாம் மாடிக்காரர் படத்தோடு நிற்கவில்லை. நிஜமாகவே அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கிவந்து வீடு வீடாகக் கதவைத் தட்டினார். அவர் ஓய்வூதியக்காரர். மாதம் நாற்பதாயிரம் வருகிறது. போன வருடம் அவர் வரி கட்டவில்லை, அதற்கு முந்திய வருடமும் கட்டவில்லை. இனிமேலும் கட்டப்போவதில்லை. இந்த அறிவிப்பால் அவருக்கு நேர்ந்த ஒரே மாற்றம், மைசூர்பாகுக்குக் கொடுத்த காசு.

என் கையையும் பிடித்துக் குலுக்கினார். நான் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துகிறவன். சம்பளம் 52,000. அடுத்தவர் கணக்கில் இருக்கும் பிழையையே திருத்திப் பழகியவனுக்கு அன்று ராத்திரி தன் கணக்கைப் பார்க்கத் தோன்றியது.

பார்த்தேன். புதிய வரி முறையில் அதற்கு முந்திய ஆண்டே ஏழு லட்சம் வரைக்கும் வரி கிடையாது. நிலைக்கழிவைச் சேர்த்தால் 7 லட்சத்து 75 ஆயிரம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 64,583 ரூபாய். அதற்குக் கீழே சம்பளம் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் இந்த மாபெரும் வரிக்குறைப்பில் கிடைத்தது சுழியம். சுழியத்தில் சதவீதமும் கிடையாது, தவணையும் கிடையாது. சரி, கிடைத்தவர்களுக்கு எவ்வளவு? வரிக்குரிய வருமானம் 12 லட்சம் என்றால் 80,000 மிச்சம். 16 லட்சம் என்றால் 50,000. 24 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 1,10,000. அதாவது ஏணியின் உச்சியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிய லட்டு, நடுப்படியில் தொங்குகிறவருக்குச் சின்ன லட்டு, ஏணிக்குக் கீழே நின்று அதைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு லட்டின் படம். நடுத்தர வர்க்கத்துக்கு விடிவு என்றன தொலைக்காட்சிகள். மாதம் அறுபத்து நாலாயிரத்துக்குக் கீழே இருப்பவன் எந்த வர்க்கம் என்று எந்தத் தொகுப்பாளரும் சொல்லவில்லை. அவன் வர்க்கமே இல்லை போலிருக்கிறது. வெறும் கைதட்டல்.

என் மச்சான் மட்டும் அசல் பயனாளி. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை, சம்பளம் சொல்லிவைத்தாற்போல் 12 லட்சத்து 75 ஆயிரம். செஸ்ஸையும் சேர்த்து ஆண்டுக்கு 83,200 ரூபாய் மிச்சம், மாதம் 6,933. ஏப்ரல் மாதச் சம்பளச் சீட்டில் வருமான வரிப் பிடித்தம் என்ற இடத்தில் கோடு போட்டிருந்ததை அவன் என்னிடம் குழந்தையின் முதல் போட்டோ மாதிரி காட்டினான். அந்த 6,933-க்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்பது மே மாதத்திற்குள் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் வாடகையில் இரண்டாயிரம் ஏற்றினார். "உங்களுக்குத்தான் வரியே இல்லியேங்க தம்பி" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். ஸ்கூல் வேன்காரர் அறுநூறு ஏற்றினார். ஸ்கூல் ஏற்றியதைப் பற்றிப் பேசவேண்டாம், மச்சானுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. (பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குப் பழைய வரி முறையில் ஒரு விலக்கு உண்டு. அன்றைய தேதியில் அதன் அளவு ஒரு பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய். அச்சுப்பிழை இல்லை. நூறுதான். அந்தச் சட்டத்தை எழுதியவரின் பேரனுக்கே இப்போது பேரன் இருப்பான்.)

இதற்கெல்லாம் மேலே கம்பெனியின் ஹெச்.ஆர். அழைத்தார். இந்த வருடம் இன்க்ரிமெண்ட் கொஞ்சம் குறைவுதான், ஆனால் அரசாங்கம் உங்கள் டேக்-ஹோமை உயர்த்தியிருப்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சம்பளம் தருவது கம்பெனி, வரியை விட்டது அரசாங்கம், உயர்வு கொடுத்ததாகக் கணக்கில் எழுதிக்கொள்வது கம்பெனி. அந்தக் குறைவான உயர்வு ஐம்பதாயிரம். மச்சான் அதற்கும் சந்தோஷப்பட்டான். நான்தான் பாவி, பேனாவை எடுத்தேன். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வரைக்கும், தாண்டிய தொகை முழுவதுமே வரி. அதற்குப் பெயர் விளிம்புநிலை நிவாரணம்! நிவாரணம் கழித்து ஐம்பதாயிரத்துக்கு வரி ஐம்பதாயிரம், அதன்மேல் செஸ் 4 சதவீதம், ஆக 52,000. சம்பளம் உயர்ந்ததால் அவனுக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் நஷ்டம். இன்க்ரிமெண்ட் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க முடியுமா மாமா என்று கேட்டான். உலகத்தில் எந்த வேலைக்காரனாவது சம்பள உயர்வைக் கண்டு பயந்து ஒளிந்திருக்கிறானா? அந்தச் சாதனை நமக்குத்தான்.

இப்படி நாங்கள் இரண்டு பேரும் தள்ளுவண்டி முன்னால் நின்று புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் இட்லிக்கடை அக்கா குறுக்கே கேட்டார்.

"ஏனுங்க சார், வரியக் கொறச்சுட்டாங்கன்னு டிவில சொல்றாங்களே. அதுல எனக்கு எத்தன வருமுங்க?"

மச்சான் சிரித்துவிட்டான். "அக்கா, நீங்கதான் வரியே கட்டறதில்லையே!"

நல்ல படித்த பையன். அவனைக் குற்றம் சொல்லமாட்டேன், நாடே அப்படித்தான் நம்புகிறது. 2024 ஜூலை முடிவதற்குள் 7 கோடியே 28 லட்சம் பேர் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்தார்கள். மீதி நூற்றுமுப்பது கோடிச் சொச்சம் ஜனங்கள் ஓசியில் வாழ்கிறார்கள் என்றும், அவர்களை இந்த ஏழு கோடிப் பேர் தோளில் சுமக்கிறார்கள் என்றும் ஒரு கதை. ஆங்கிலச் சேனல்களில் அது தினமும் ஒன்பது மணிக் கதாகாலட்சேபம்.

அக்கா வண்டியில் இருப்பது வணிக சிலிண்டர். அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். எண்ணெய்க்கு 5. அரிசியும் உளுந்தும் பெயரெழுதிய மூட்டையில், 25 கிலோவோ அதற்குக் குறைவாகவோ வாங்கினால் 2022 ஜூலையிலிருந்து 5. அதனால்தான் ஊரில் திடீரென்று 26 கிலோ அரிசி மூட்டை முளைத்தது. ஒரு கிலோ அரிசிக்காக அல்ல, வரிக்குப் பயந்து கொழுத்த மூட்டை அது. அக்காவிடம் 26 கிலோவுக்கு மொத்தமாகக் காசு இருக்காது. அவர் வாங்குவது பத்துக் கிலோ. ஆக, பணம் இருப்பவன் மூட்டைக்கு வரி இல்லை, பணம் இல்லாதவர் பைக்கு வரி உண்டு. செல்போன் ரீசார்ஜுக்கு 18. சோப்புக்கும் ஷாம்புவுக்கும் பற்பசைக்கும் 2025 செப்டம்பர் வரை 18. பெரிய கம்பெனி தான் வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியை இன்புட் கிரெடிட் என்று கழித்துக்கொள்ளும். பதிவு இல்லாத அக்காவுக்கு அந்தக் கதவும் கிடையாது. அவர் கட்டுகிற வரி இட்லி மாதிரி அவர் கையிலேயே வெந்து அங்கேயே முடிகிறது. படிவம் இல்லை, பான் எண் இல்லை, "மதிப்புமிக்க வரி செலுத்துபவரே" என்று ஒரு குறுஞ்செய்திகூட இல்லை.

இதே கோயம்புத்தூரில்தான் 2024 செப்டம்பரில் ஒரு ஓட்டல்காரர் நிதியமைச்சரிடம் எழுந்து நின்று கேட்டார்: பன்னுக்கு வரி இல்லை, உள்ளே வைக்கிற க்ரீமுக்கு 18 சதவீதம், வாடிக்கையாளர் இரண்டையும் தனித்தனியாகக் கொடு, நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறாரே, என்ன செய்வது? மண்டபமே சிரித்தது. ஒன்றிரண்டு நாளில் அவர் ஒரு அறையில் நின்று மன்னிப்புக் கேட்கும் காணொளி ஊரெல்லாம் சுற்றியது. க்ரீமுக்கு 18, கேள்விக்கு அதைவிட அதிகம்.

நியாயமாகச் சொல்லவேண்டும். 2025 செப்டம்பர் 22-லிருந்து சோப்பும் பற்பசையும் பிஸ்கட்டும் 18-லிருந்து 5-க்கு இறங்கின. சேமிப்புத் திருவிழா என்றார்கள். அக்கா வண்டியில் பிள்ளைகளுக்காகத் தொங்கும் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஐந்து ரூபாய்தான். நாலரை ரூபாய்க்குச் சில்லறை இல்லையாம். அதனால் விலையைக் குறைக்காமல் எடையைக் கூட்டுகிறோம் என்றன கம்பெனிகள். முறைப்படி கூட்டினால் 50 கிராம் பாக்கெட்டில் ஆறு கிராம் கூடும், ஒன்றோ ஒன்றரையோ பிஸ்கட். அக்காவின் பங்கு அது. மச்சானுக்கு வங்கிக் கணக்கில் 6,933 ரூபாய். அக்காவுக்கு அரைகுறை பிஸ்கட். அதுவும் போட்டார்களா என்று பார்க்க அக்கா தராசு தூக்கவேண்டும்.

நிதியமைச்சருக்குச் சங்கத்தமிழ் பிடிக்கும். 2019 ஜூலை 5 அன்று தன் முதல் பட்ஜெட்டில் அவர் பிசிராந்தையாரை எடுத்துப் பேசினார். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் புலவர் சொன்ன வரிப்பாடம். விளைந்ததை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சின்ன வயலே யானைக்குப் பல நாள் தாங்கும், யானையே வயலுக்குள் புகுந்தால் அது தின்பதைவிட மிதிப்பது அதிகம். சபை மெச்சியது. தமிழர்கள் நாம் கண் கலங்கினோம். நமக்கு யாராவது புறநானூறு சொன்னால் போதும், பாக்கெட்டைத் தடவிப் பார்க்க மறந்துவிடுவோம்.

சரியாக 77 நாள் கழித்து, செப்டம்பர் 20, கோவாவில் அதே அமைச்சர் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22-க்கு இறக்கினார். புதிய உற்பத்திக் கம்பெனி என்றால் 15. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி இழப்பு என்று அரசே சொன்னது. பட்ஜெட்டும் இல்லை, விவாதமும் இல்லை, ஒரு வெள்ளிக்கிழமை காலை. பிசிராந்தையாருக்கு இந்த யானையைப் பற்றித் தெரியாது. வயலுக்குள் புகாமலே, அறுவடைக் களத்தில் நின்றபடி, பட்டியலில் பெயருள்ள கம்பெனிகளுக்குத் தும்பிக்கையால் மூட்டை மூட்டையாய் எடுத்துக்கொடுக்கும் யானை. விளைவு? 2023-24-இல் தனிமனிதர்கள் கட்டிய வருமான வரி பத்து லட்சம் கோடியைத் தாண்டியது, கம்பெனிகள் கட்டியது ஒன்பது லட்சம் கோடிச் சொச்சம். மாதச் சம்பளக்காரன் தோளில் கம்பெனி ஏறி உட்கார்ந்துகொண்டு, "பாரம் தூக்குவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?" என்று நமக்கே சொல்கிறது.

அந்த 1.45 லட்சம் கோடியை யாரும் இலவசம் என்று சொல்லவில்லை. அது ஊக்கம். வங்கிகள் கழற்றிவிட்ட பெருங்கடன்கள் நிர்வாக நடைமுறை. வருமான வரி குறைந்தால் நிவாரணம். எங்கள் அக்காவுக்கு மாநில அரசின் மகளிர் உரிமைத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வந்தால் மட்டும் இலவசம், நாட்டைக் கெடுக்கும் பழக்கம். அகராதியைப் பணக்காரன் வீட்டில் அச்சடித்தால் இப்படித்தான் வரும். பிழை திருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைத் திருத்த ஒரு சிவப்புப் பேனா போதாது.

இந்த நிவாரணத்தையாவது தன் பையிலிருந்து கொடுத்தார்களா? வரிக்குறைப்பால் ஒரு லட்சம் கோடி இழப்பு என்றது அரசு. வருமான வரி மாநிலங்களோடு பங்கு போடவேண்டிய வரி. பதினைந்தாவது நிதிக்குழுப்படி நூற்றுக்கு 41 மாநிலங்களுடையது. ஆக அந்த ஒரு லட்சம் கோடியில் 41,000 கோடி மாநிலங்களின் காசு. அதில் தமிழ்நாட்டின் பங்கு அப்போது 4.079 சதவீதம், கணக்குப் போட்டால் சுமார் 1,670 கோடி. ஆனால் செஸ், சர்சார்ஜ் என்று வாங்குகிற வரியில் மாநிலங்களுக்குப் பங்கே கிடையாது. குறைக்கும்போது பங்கு வரியில் கை வைப்பது, கூட்டும்போது செஸ்ஸில் கை வைப்பது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவன்கூட ஒரு தேங்காயோடு நிறுத்திக்கொண்டான். அவன் தேங்காய்க்கடை வாசலில் தன் படம் போட்டுப் பேனர் வைக்கவில்லை.

இந்த வித்தை பழையது. 2018 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி மாதச் சம்பளக்காரருக்கு 40,000 நிலைக்கழிவு என்று அறிவித்தபோதும் மேசை தட்டினார்கள். அதே மூச்சில் போக்குவரத்துப் படி 19,200-ம் மருத்துவச் செலவு 15,000-ம் போய்விட்டன. கொடுத்தது நாற்பதாயிரம், எடுத்தது 34,200. மிச்சம் 5,800, ஐந்து சதவீத வரிக்காரனுக்கு அதில் லாபம் ஆண்டுக்கு 290 ரூபாய். அந்த லாபம் பயந்து ஓடிவிடக்கூடாது என்று செஸ்ஸை 3-லிருந்து 4 ஆக்கிவிட்டார்கள்.

பெட்ரோலில் இன்னும் துப்புரவான வேலை. 2020-இல் கச்சா எண்ணெய் விலை உலகமெங்கும் விழுந்தது. அந்தப் பயன் ஜனங்களுக்கு வந்துவிடாதபடி மார்ச்சில் லிட்டருக்கு 3 ரூபாய், ஊரடங்கில் ஊரே முடங்கிக்கிடந்த மே மாதத்தில் 10 ரூபாய் என்று கலால் வரியை ஏற்றினார்கள். மொத்தம் 13. பிறகு 2021 நவம்பரில் 5 ரூபாய் குறைத்தார்கள், தீபாவளிப் பரிசு. 2022 மே மாதம் 8 ரூபாய் குறைத்தார்கள், மக்கள் நலன். ஐந்தும் எட்டும் எத்தனை? ஏற்றியதைத்தான் இறக்கினார்கள். இடையில் இரண்டு வருடம் அக்காவின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். குடித்த ஒவ்வொரு லிட்டருக்கும் பிடித்தது பிடித்ததுதான். ஆனால் நன்றி மட்டும் இரண்டு தவணையாக வாங்கிக்கொண்டார்கள்.

ரீஃபண்டைப் பற்றி அக்காவுக்கு விளக்கியது மச்சான்தான். "கூடுதலா பிடிச்ச வரிய அரசாங்கமே திருப்பித் தருமுங்க அக்கா. நம்ம பேங்க்லயே வந்து விழுந்துரும்" என்றான், பெருமையாக. போன வருடம் அவனுக்குப் பதினோராயிரம் விழுந்ததாம். மனைவிக்கு மிக்ஸி வாங்கிக்கொடுத்தானாம். அரசாங்கம் வாங்கித்தந்த மிக்ஸி என்றே வீட்டில் பெயர்.

அவனிடம் நான் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். நீங்கள் வரி கட்டத் தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. அரசாங்கம் உங்கள் பணத்தைத் திருப்பித் தரத் தாமதித்தால் மாதத்துக்கு அரை சதவீதம். அதே பணம், அதே மாதம், பாதி வட்டி. அதுவும் ஏப்ரல் சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த காசுக்கு அடுத்த ஏப்ரல் வரை வட்டியே கிடையாது, பிறகுதான் கடிகாரம் ஓடும். திரும்பவேண்டிய தொகை மொத்த வரியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவு என்றால் அந்த அரை சதவீதமும் இல்லை. தப்பித்தவறி வட்டி வந்துவிட்டால் அது உங்கள் வருமானம், அதற்கும் வரி கட்டவேண்டும். பான் எண்ணை ஆதாரோடு இணைக்கவில்லையா? ரீஃபண்ட் வராது. இணைக்க ஆயிரம் ரூபாய். கந்துவட்டிக்காரன் இப்படி ஒரு நோட்டு எழுதினால் அவன்மேல் வழக்குப் போடச் சட்டம் இருக்கிறது.

அக்கா இட்லித் துணியைப் பிழிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டிக்கு அடியில் ஒரு கோணிப்பை. உள்ளே காலி பாட்டில்கள் உரசும் சத்தம். அக்காவின் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர், சாயங்காலமானால் டாஸ்மாக் மதுக்கடையில் நாட்டுக்கு உழைக்கிறவர். மத்திய அரசை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்தால் நான் உண்மையான பிழை திருத்துகிறவன் இல்லை. ஆண்டுக்கு 45,000 கோடிக்கு மேல் டாஸ்மாக்கிலிருந்து எடுக்கிறது தமிழ்நாடு அரசு. அக்கா வீட்டுக்காரர் போன்றவர்கள் வரிசையில் நின்று, முண்டியடித்து, சில சமயம் அடிபட்டுக் கட்டுகிற வரி அது. படிவம் இல்லாமல், நோட்டீஸ் இல்லாமல், கெடுத் தேதிக்கு முன்பே கட்டுகிறார்கள். இவர்களைப் போல நாணயமான வரி செலுத்துபவர்கள் பாரதத்தில் வேறு யாருமில்லை. மாதம் ஆயிரம் ரூபாய் அக்கா கையில் வருகிறது, அதைப்போலப் பல மடங்கு வீட்டுக்காரர் கையிலிருந்து போகிறது. ஒரே குடும்பம், ஒரே கஜானா, நடுவில் ஒரு கவுண்டர்.

அந்த டாஸ்மாக்கில் ஒரு திட்டம் உண்டு. நீலகிரியில் 2022-இல் தொடங்கி எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. பாட்டிலுக்கு விலைக்கு மேல் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுப்பார்கள். பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுப்பது அக்கா வேலை.

"ஏனுங்க சார், நீங்க சொல்ற ரீஃபண்டு இந்தப் பாட்டில் காசு மாதிரிங்களா?" என்றார்.

மச்சான் முகம் மாறியது. நான் ஆமாங்க அக்கா என்றேன்.

"அப்ப அது மொதல்லயே நம்மகிட்ட வாங்குன காசுதானுங்களே. இதுக்கா டிவில அத்தன நேரம் பேசுனாங்க?"

கோணியைத் தூக்கி எக்ஸ்.எல்.லின் முன்னால் வைத்தார். பதினாறு பாட்டில், நூற்றறுபது ரூபாய். கடையைக் கொஞ்சம் பார்த்துக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர், திரும்பிவந்து மச்சானிடம் நாலு இட்லிக்குக் காசு கேட்டார்.